வள்ளத்துக்கு மேப் கார்டு வாங்கிய அனுபவங்கள்: உவரி முதல் இடிந்தகரை வரை

உவரியிலிருந்து:

பைபர் வள்ளத்தில் தூண்டிலும் வலையுமாகத் தொழில் செய்கிறவன் நான். ஜி.பி.எஸ்ஸோடு மீன் காட்டும் கருவியும் சேர்ந்த பெட்டியை வாங்கிய நம் இளைஞர்கள் பலரும், அடுத்ததாக, கடலின் ஆழமும் கரையும் திரையில் தெரியக் கருவியில் செருகுகிற மேப் கார்டில் எது நல்லது என்று கேட்கிறார்கள். கருவியின் பெயரையும் மாடலையும் தெரிந்துகொள்ளாமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது. சி-மேப் நிறுவனத்தின் கார்டு லோரன்ஸ், சிம்ராட் கம்பெனிக் கருவிகளில் ஓடும். கார்மின் கம்பெனிக் கருவியில் செருகினால் படம் வராது. மேப் கார்டு தயாரிக்கும் நவியானிக்ஸ் நிறுவனத்தை 2017இல் கார்மின் வாங்கிவிட்டது உண்மைதான். அதற்காகப் பழைய கார்மின் கருவிகளெல்லாம் நவியானிக்ஸ் கார்டைப் படித்துவிடும் என்று நம்பிப் பணம் கொடுத்துவிடக் கூடாது. ஃபுருனோ கம்பெனிக் கருவிகளில் ஜிபி-1870எஃப் மாடல் சி-மேப் கார்டை ஏற்கும். நம் கரையில் பலர் வைத்திருந்த ஜிபி-32இல் மேப் பார்க்கும் வசதியே கிடையாது.

ஆகவே கருவியைக் கழற்றிக் கடைக்கே கொண்டுபோய், பணம் கொடுப்பதற்கு முன் கார்டைச் செருகிப் பார்ப்பதுதான் சரி. அப்போது கடைக்காரர் காட்டுகிற சென்னைத் துறைமுகத்தைப் பார்த்து மனம் நிறைந்துவிட வேண்டாம், ஏனென்றால் துறைமுகங்களை எல்லாக் கார்டுகளும் நுணுக்கமாகவே காட்டும். மணப்பாடு முதல் கன்னியாகுமரி வரையுள்ள கடலையும், அதற்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்ற மீன்பிடி மேட்டுப் பகுதியையும் பெரிதாக்கிப் பாருங்கள். பெரிதாக்கப் பெரிதாக்கப் புதிய ஆழ எண்களும் கோடுகளும் வருகின்றனவா, அல்லது இருந்த எண்களே விலகிப்போய் நடுவில் வெள்ளையாக நிற்கிறதா என்பதில்தான் கார்டின் தரம் தெரியும். எண்கள் மீட்டரில் இருந்தால் பாகத்துக்கு மாற்றிவிட்டுப் படியுங்கள். ஒரு பாகம் ஆறடி, அதாவது சுமார் 1.83 மீட்டர் என்பதால், திரையில் 36 என்று மீட்டரில் காட்டுவது நமக்கு இருபது பாகத்துக்குச் சற்றுக் குறைவு.

இன்னொன்றையும் பொறுமையாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தியக் கடலின் அதிகாரபூர்வ வரைபடங்களை வெளியிடுவது டேராடூனில் உள்ள தேசிய நீர்வரைவியல் அலுவலகம்; அவை முதலில் கப்பல் தரைதட்டாமல் போவதற்காகத் தயாரிக்கப்படுபவை. இருபது பாகத்தில் கிடக்கும் சிறிய பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, கப்பலுக்கு ஆபத்தில்லை என்பதால், நமக்குச் சோறு போடுகிற அந்தப் பார் கார்டில் இல்லாமலே போகலாம். என் தகப்பனார் மகேந்திரகிரி முகட்டையும் கோயில் கோபுரத்தையும் நேர்பிடித்துக் காட்டிக்கொடுத்த பார்களில் பெரியவையான இரண்டு மட்டும் கார்டில் தெரிகின்றன, மற்றவை தெரியவில்லை. அதனால் கார்டு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. கடலின் சரிவு எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் ஆழம் சட்டென்று இறங்குகிறது என்பதை இரவில் அது காட்டுவதுபோல் வேறெதுவும் காட்டாது.

கூத்தங்குழியிலிருந்து:

உவரி அண்ணாச்சி எழுதியதோடு, பாயின்ட், அதாவது ஓர் இடத்தின் லாட்-லாங் எண்களை (அட்சரேகை, தீர்க்கரேகை) கருவியில் ஏற்றும் விதத்தையும் சேர்க்க விரும்புகிறேன். சின்னமுட்டத்து விசைப்படகில் வேலை செய்யும் என் மைத்துனர் போனில் ஒரு பாருக்கு 8 டிகிரி 5.50 மினிட் என்று லாட் கொடுத்தார். எங்கள் வள்ளத்துக் கருவியோ டிகிரி, மினிட், செகண்ட் என்ற முறையில் இருந்தது. அதில் 5 மினிட் 50 செகண்ட் என்று போட்டால் இடம் வடக்கே 600 மீட்டருக்கு மேல் தள்ளிப்போய்விடும், ஏனென்றால் அரை மினிட் என்பது 30 செகண்ட்தான். கருவியின் அமைப்பை மாற்றிய பிறகே அந்தப் பாயின்டை ஏற்றினோம். மீன் காட்டும் திரையில் தரை மேடாக எழும்பியது அதே இடத்தில்தான். அதுபோலவே, பழைய காகித வரைபடத்திலிருந்து எடுத்த பாயின்ட், பூமியின் வடிவத்தை அளக்கும் பழைய முறையான எவரெஸ்ட் கணக்கில் இருக்கக்கூடும், ஜி.பி.எஸ். பயன்படுத்தும் கணக்கு டபிள்யூ.ஜி.எஸ்.-84. இரண்டுக்கும் நம் கடலில் நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும் என்பதால், ஒடுங்கிய பாரைத் தேடுகிறவர்கள் கருவியில் எந்தக் கணக்கு இருக்கிறது என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

தங்கல் போகிற, அதாவது கடலிலேயே பல நாள் தங்கி மீன்பிடிக்கிற படகுக்காரர்கள், கார்டில் வரைந்திருக்கும் இலங்கை எல்லைக்கோட்டை மட்டும் நம்ப வேண்டாம். மன்னார் வளைகுடாவுக்கான 1976 ஒப்பந்தத்தில் எல்லைப் புள்ளிகள் எண்களாகவே உள்ளன. அவற்றைக் கையால் ஏற்றி ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இடிந்தகரையிலிருந்து:

விலை குறைவு என்று காப்பி அடித்த கார்டை ஒரு கடையில் கொடுத்தார்கள். கரையில் நன்றாகத் திறந்த படம், கருவியை ஒருமுறை அணைத்துப் போட்டதும் மறைந்துவிட்டது. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. பணம் குறைவாக இருந்தால், அத்தகைய கார்டுக்குப் பதிலாக வெற்று மெமரி கார்டு வாங்குவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. கார்மின் கருவிகள் பலவற்றில் குவிக்டிரா என்றொரு வசதி உண்டு. வள்ளம் ஓடும்போதே கருவி அளக்கும் ஆழத்தை அது வரைபடமாகச் சேர்த்துவைக்கும். எங்கள் பார்களின் மேல் குறுக்கும் நெடுக்கும் மெதுவாக ஓடி, எந்தக் கடையிலும் கிடைக்காத படத்தை இப்படி நாங்களே உண்டாக்கி வருகிறோம். கருவியைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் கார்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, பாயின்டுகளையும் நோட்டில் எழுதிக்கொண்ட பிறகே கொடுங்கள். ரீசெட் செய்தால் கருவிக்குள் இருக்கும் பாயின்டுகள் அழிந்துவிடும்.