பல்லாங்குழி இருந்தால் இரவல் தாருங்கள்

பெங்களூரு அல்சூர் பக்கம் இருப்பவர்கள் உதவ வேண்டும். என் மகள் மூன்றாம் வகுப்பு. வரும் சனிக்கிழமை கணக்குப் பாடத்துக்கு வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து ஒரு விளையாட்டு சொல்லித்தர வேண்டுமாம். என் மாமியார் பல்லாங்குழி என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவருக்குக் கன்னடம் காய்கறிக்கடை அளவுக்குத்தான். டீச்சரிடம் பல்லாங்குழியின் கன்னடப் பெயரான ‘அளிகுளி மணெ’ என்றதும் டீச்சருக்கே பழைய ஞாபகம் வந்துவிட்டது, அதனால் அது பிரச்சினை இல்லை.

பிரச்சினை பலகை. வகுப்பில் 30 பிள்ளைகள், இரண்டிரண்டு பேராக 15 பலகை. குழிக்கு 5 வீதம் 14 குழிக்கு 70 முத்து, மொத்தம் 1,050! வீட்டில் இருப்பது ஒரே ஒரு மரப்பலகை, கொஞ்சம் சோழி. முட்டை அட்டையை வெட்டிப் பார்த்தேன், வரிசைக்கு ஆறு குழிதான் வருகிறது. ஏழு வேண்டும் என்று மாமியார் பிடிவாதம்.

யாரிடமாவது பலகை, புளியங்கொட்டை, மஞ்சாடி இருக்கிறதா? திங்களன்று பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். அப்புறம், ஒரு குழியில் நாலு முத்து சேர்ந்தால் ‘பசு’ என்று எடுக்கும் விதியை எட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சுலபமாக எப்படிச் சொல்வது? சொல்லிக்கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.