லேண்டிங்கில் விமானம் துள்ளினால் கை தானாக முன்னே போகிறது

சர்க்யூட்172 கேட்டது:
விமானம் ஓட்டக் கற்கிறேன். செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் 22 மணி நேரம் முடித்திருக்கிறேன், சோலோ (தனியாக ஓட்டுவது) இன்னும் போகவில்லை. நேற்று ஃபைனலில் (ரன்வேக்கு நேராக இறங்கி வரும் கடைசிக் கட்டத்தில்) வேகம் 65 நாட் இருக்க வேண்டிய இடத்தில் 75-இல் வந்துவிட்டேன். ஃபிளேர் செய்த (தரையைத் தொடுவதற்குச் சற்று முன் மூக்கைத் தூக்கிய) பிறகும் விமானம் இறங்காமல் ரன்வேக்கு மேலே மிதந்துகொண்டே போனது. பொறுக்காமல், பின்னால் இழுத்துப் பிடித்திருந்த யோக்கை (விமானத்தின் ஸ்டீயரிங்கை) தளர்த்தினேன். சக்கரம் தொட்டதும் விமானம் மறுபடி எழும்பியது. பயத்தில் மூக்கைக் கீழே அழுத்திவிட்டேன். அடுத்த இடி நோஸ் வீலில் (முன்சக்கரத்தில்). இன்ஸ்ட்ரக்டர் கண்ட்ரோலை வாங்கி, இறங்காமல் மறுபடி மேலே ஏறி கோ-அரவுண்ட் போனார். இறங்கி அரை மணி நேரம் ஆகியும் முழங்கால் நடுக்கம் நிற்கவில்லை. இந்தக் கையை எப்படிக் கட்டுப்படுத்துவது?

வலதுசீட் பதில்:
தம்பி, 11 வருஷமாகக் கற்றுத் தருகிறேன், இது எல்லோருக்கும் வருவதுதான். துள்ளியதும் கண்ணாடி முழுக்க வானம் தெரியும், உடம்பு "கீழே இறக்கு" என்று பதறும். மூக்கை அழுத்தினால் மெயின் சக்கரங்களுக்கு முன்னால் நோஸ் வீல் இடிக்கும், அது இன்னும் உயரமாகத் தூக்கிவிடும். இப்படியே இரண்டு மூன்று துள்ளல் போனால் நோஸ் கியர் (முன்சக்கரத்தின் கால்) மடங்கி ப்ரொப்பெல்லர் தரையில் அடிக்கும்.

ஓரிரு அடி துள்ளல் என்றால் மூக்கை அப்படியே பிடித்து, கொஞ்சம் பவர் கொடுத்து உட்கார விடுங்கள். அதற்கு மேல் எழும்பினால் யோசிக்கவே வேண்டாம், ஃபுல் த்ராட்டில் கொடுத்து கோ-அரவுண்ட். கூடவே வலது ரட்டர் பெடல். இல்லையென்றால் மூக்கு இடப்பக்கம் இழுத்துக்கொண்டு புல்லுக்குப் போகும். ஃபிளாப்ஸை (இறங்கும்போது இறக்கையின் பின்னால் இறக்கிவிடும் தகடுகளை) ஒரேயடியாக எடுக்காதீர்கள். முதலில் 20 டிகிரிக்கு, வேகம் ஏறிய பிறகு மிச்சம்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். 172-இல் நோஸ் கியர் ஃபயர்வாலோடு (இன்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகடு) சேர்ந்தது. கியர் முழுசாக இருந்தாலும் ஃபயர்வால் தகடு நெளிந்திருக்கலாம். இடித்ததை இன்ஜினியரிடம் சொன்னீர்களா? அவர் பார்க்காமல் அந்த விமானத்தில் யாரும் ஏறக் கூடாது.

மேகலா_சோலோ பதில்:
எனக்குக் கண்தான் பிரச்சினையாக இருந்தது. மூக்குக்கு முன்னாலேயே பார்ப்பேன், ரன்வே திடீரென்று மேலே வருவது போல இருக்கும். பார்வையை ரன்வேயின் கடைசிக்குக் கொண்டுபோன பிறகுதான் ஃபிளேர் உயரம் பிடிபட்டது. நான் குள்ளம்; தினமும் ஒரே குஷன், சீட்டும் ஒரே உயரம். அது மாறினால் ரன்வேயே வேறு மாதிரி தெரியும்.

சர்க்யூட்172:
சார், நேற்று நான் சொல்லவில்லை. இன்று காலை போய்ச் சொன்னேன். இன்ஜினியர் பெடல் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். தகட்டில் விரல் நீளத்துக்கு ஒரு நெளிவு. விமானத்தை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அடுத்து அதில் போக வேண்டியவன் என் ரூம்மேட்.