சிவ்ரி சேற்றில் மணல் உப்புக்கொத்தி: சிறியதா, பெரியதா?

செம்பூரிலிருந்து:
மும்பையின் சிவ்ரி சேற்றுக் கரைக்கு வரும் மணல் உப்புக்கொத்தி (sand plover) என்ற கரைப்பறவையில் சிறியது, பெரியது என்று இரண்டு உண்டு; பிரித்தறிவது எப்படி என்று நாங்கள் நால்வர் சொல்கிறோம். மார்ச் கடைசியில் சிவ்ரி ஜெட்டி முன்னால் நிற்கும் கூட்டத்தில் பெரும்பாலானவை சிறிய மணல் உப்புக்கொத்திதான். எல்லாவற்றையும் முதலில் சிறியது என்றே எடுத்துக்கொண்டு, அதில் மாறுபட்டு நிற்பதைத் தேடுங்கள். பின்கழுத்தில் வெள்ளை வளையம் இருந்தால் அது கென்டிஷ் ப்ளோவர் என்ற வேறொரு உப்புக்கொத்தி, விட்டுவிடலாம்.

பருமனை நம்பாதீர்கள். சிறியது 19 முதல் 21 செ.மீ., பெரியது 22 முதல் 25 செ.மீ. தனியாக நிற்கும் பறவையில் அந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. அலகுதான் கைகொடுக்கும். நேர் பக்கவாட்டில் நிற்கும் படத்தைப் பெரிதாக்கி, அலகின் நீளத்தைக் காகிதத் துண்டில் குறித்துக்கொண்டு, அதையே அலகின் அடியிலிருந்து கண் பக்கமாக வையுங்கள். கண்ணின் பின்விளிம்பைத் தாண்டினால் பெரியது. அங்கேயே முடிந்தாலோ உள்ளே அடங்கினாலோ சிறியது. தலை கொஞ்சம் திரும்பியிருந்தாலும் அலகு குறுகித் தெரியும். அந்தப் படம் வேண்டாம். நுனியையும் பாருங்கள்: சிறியதற்கு மொட்டையாக முடியும், பெரியதற்கு நீண்டு கூராகும்.

முலுண்டிலிருந்து:
செம்பூர் அண்ணன் சொன்ன அலகுக் கணக்கு சரி. காலில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பெரியதற்குப் பச்சை கலந்த மஞ்சள், சிறியதற்குக் கருஞ்சாம்பல் என்பது உண்மைதான். ஆனால் தாணே கழிமுகச் சேறு காலில் அப்பிக் காய்ந்துவிட்டால் இரண்டுக்கும் ஒரே சாம்பல்தான். இளகிய சேற்றில் கால் புதைந்தால் உயரமும் பொய். கடல் ஏற்றத்தில் நீர் ஏறியபின் பாண்டுப் (Bhandup) பக்கம் உப்பள வரப்புகளில் ஒதுங்கி நிற்கும்போது பாருங்கள், முழுக் காலும் தெரியும். பறக்கையில் பெரியதற்கு விரல்கள் வாலைத் தாண்டி நீளும்.

வாஷியிலிருந்து:
சிவ்ரி கிழக்குப் பார்த்த கரை, காலை வெயில் நேராக லென்சுக்குள் வரும். பிற்பகலில் நீர் ஏறும் நாளாகப் பார்த்து, உச்சத்துக்கு 2, 3 மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். நீரே பறவையைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். வெயில் ஏறிய சேற்றில் கானல் ஆடினால் அலகு இழுத்ததுபோல் நீண்டு தெரியும். அப்போது எடுத்த படத்தில் அளக்கவே கூடாது.

மாட்டுங்காவிலிருந்து:
நிறத்தை வைத்தும் ஒரு துப்பு உண்டு. பெரியது மத்திய ஆசியாவின் வறண்ட நிலத்தில் முன்னதாகவே கூடுகட்டும், அதனால் குளிர்காலச் சாம்பல் இறகும் முன்னதாகச் செம்பழுப்பாக மாறும். சிறியது லடாக், திபெத் மேட்டுக்குப் பிந்திப் போகும். மார்ச் நடுவில் சாம்பல் கூட்டத்துக்குள் ஒன்று மட்டும் செம்பழுப்பு மார்போடு நின்றால் உடனே அலகை அளந்துவிடுங்கள்.

சிறியதையே இப்போது திபெத்தியம், சைபீரியம் என்று இரண்டு இனமாகப் பிரித்துவிட்டார்கள். ஏப்ரலில் முழு நிறம் வந்த ஆணின் நெற்றி கருப்பாக இருந்தால் திபெத்தியம், நம் பக்கம் வழக்கமாக வருவது அதுதான். நெற்றியில் வெள்ளையும், மார்புச் செம்மையின் மேல்விளிம்பில் மெல்லிய கருங்கோடும் சேர்ந்திருந்தால் சைபீரியம். படமில்லாமல் பதிய வேண்டாம். சாம்பல் இறகில் இருப்பதை 'திபெத்தியம்/சைபீரியம்' என்று இரண்டு பெயருக்கும் நடுவே சாய்கோடு போட்டே பதியுங்கள்.