கோர்ட்ல ஜட்ஜ் முன்னாடி நின்ன அனுபவம் யாருக்காவது இருக்கா? சொல்லுங்க

வாய்தா ராசா:
தாத்தா சொத்து பாகப்பிரிவினை கேஸ், முன்சீப் கோர்ட். வாய்தா வாய்தான்னு இழுத்து ஒருவழியா ஆர்க்யூமென்ட் முடிஞ்சு தீர்ப்புக்குப் போட்டாச்சு. அன்னைக்குப் போனா சேர்ல வேற ஆள், பழையவருக்கு ட்ரான்ஸ்பராம். புதுசா வந்தவர் கேஸ் கட்டைப் பொரட்டிப் பாத்துட்டு மறுபடி ஆர்க்யூ பண்ணுங்கன்னுட்டாரு. ஜெயிச்சிட்டோம்னு நெனச்சு எங்கப்பா அவரைப் பாத்து கையெடுத்துக் கும்பிட்டாரு பாருங்க, இன்னும் கொதிக்குது எனக்கு.

தெற்குத்தெரு:
என் தம்பி மேல அடிதடி கேஸ். ராத்திரியோட மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்கே கூட்டிட்டுப் போனாங்க, நான் காம்பவுண்டுக்கு வெளிய. அந்தம்மா கண்ணாடிய மாட்டிக்கிட்டே வந்து, எஸ்ஐய கேட் பக்கம் போய் நிக்கச் சொல்லிட்டு, அடிச்சாங்களாப்பான்னு கேட்டாங்க. இவன் இல்லன்னு தலையாட்றான். ஒரு கால்லயே நின்னதைப் பாத்திருப்பாங்க போல, செருப்பக் கழட்டுன்னாங்க. பாதம் வீங்கிக் கெடந்துச்சு. அதை எழுதி, மொதல்ல ஜிஎச்ல காட்டச் சொல்லிட்டுத்தான் ரிமாண்ட். பதினஞ்சு நாள் உள்ளதான் போனான், அது வேற.

கருப்புக்கோட்டு:
வாய்தா ராசா தம்பி, ஜட்ஜைத் திட்டி என்ன பண்றது, ட்ரான்ஸ்பர் போடுறது ஹைகோர்ட், பெரும்பாலும் கோடைல மொத்தமா வரும். சாட்சி சொன்னதை புது ஜட்ஜ் அப்படியே எடுத்துக்கலாம், சிபிசி, அதாவது சிவில் நடைமுறைச் சட்டம், ஆர்டர் 18 ரூல் 15. ஆனா வாதத்தைக் காதால கேக்காத ஆள் தீர்ப்பு எழுதக்கூடாது, அதான் மறுபடி. உங்க வக்கீல எழுத்துப்பூர்வ வாதம் ஒண்ணு தாக்கல் பண்ணி வைக்கச் சொல்லுங்க. நான் பாத்த ஒரு முன்சீப் பக்கத்து ஊர் கோர்ட்டுக்கும் இன்சார்ஜ், சாயங்காலம் மேடைல வச்சே பிஸ்கட்ட தண்ணில நனைச்சுத் தின்னுட்டிருந்தாரு, சாப்பாடே அதுதான். அப்புறம் சிவில் ஜட்ஜ் எக்ஸாமுக்குப் படிக்கிற பசங்க யாராவது இருந்தா கேட்டுக்கங்க, 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் 3 வருஷ ப்ராக்டிஸ் கட்டாயம்னு சொல்லிருச்சு, அதனால காலேஜ் முடிச்ச கையோட கோச்சிங்ல காசைக் கொட்டாம நல்ல சீனியரா பாத்து ட்ரயல் சைடுல சேருங்க, குறுக்கு விசாரணைய பாக்காம மேல போய் உக்காந்தா ஒண்ணும் ஓடாது.

வாய்தா ராசா:
எக்ஸாம் பத்தி யாருண்ணே கேட்டா

மேலவீதி:
தெற்குத்தெரு, உங்களுக்கு நல்ல அம்மா கெடச்சாங்க. எங்க மாமாவை ரிமாண்ட் பண்ணவர் தலையத் தூக்கிக்கூடப் பாக்கல. சாத்தான்குளத்துல போலீஸ் அடிச்சு அப்பாவும் மகனும் செத்ததுக்கு அப்புறமும் இப்படித்தான்.