பம்ப் காற்று இழுக்கிறது, ஆனால் எங்கும் ஒழுகவில்லை

சுங்கை சிப்புட் தம்பி:
வணக்கம். எங்கள் தோட்டத்துப் பழைய கிளப் நீச்சல் குளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். துரைமார் காலத்துக் குளம். இப்போது தோட்டத்துப் பிள்ளைகள் அதில்தான் நீச்சல் பழகுகிறார்கள். கொஞ்ச நாளாகத் தண்ணீர் திரும்பி வரும் வாயில் காற்றுக் குமிழி விடாமல் வருகிறது. பம்ப் மூடி வழியாகப் பார்த்தால் குப்பை பிடிக்கும் கூடையில் பாதிதான் தண்ணீர். காலையில் வாளியால் ஊற்றினால்தான் பிடிக்கிறது. பம்ப் அறை குளத்தைவிட மேட்டில் இருக்கிறது. பைப் நெடுகத் தடவிப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. காண்ட்ராக்டர் ஒருவர் பம்பையே மாற்றச் சொல்கிறார். அவ்வளவு வெள்ளிக்கு நான் எங்கே போவது? குளத்தை மூடிவிட்டால் மறுபடி திறக்க மாட்டார்கள்.

தைப்பிங் அக்கா:
முதலில் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள் தம்பி. குளத்துச் சுவரில் மேல்தண்ணீரை இழுக்கும் ஸ்கிம்மர் இருக்கிறதே, அதன் வாயில் பாதி உயரமாவது நிற்க வேண்டும். இறங்கிவிட்டால் ஸ்கிம்மரே காற்றைக் குடிக்கும்.

சுங்கை சிப்புட் தம்பி:
இப்போது மட்டம் சரியாக இருக்கிறது அக்கா. போன மாத வெயிலில் இறங்கியிருந்தது, பம்ப் கொஞ்ச நேரம் வெறுமனே ஓடியது.

ஈப்போ பைப் அண்ணன்:
தம்பி, பம்பை மாற்றாதீர்கள். பம்புக்கு முன்னால் உள்ள பைப்பில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வராது, வெளிக்காற்றுதான் உள்ளே போகும். பம்ப் தாழ்வில் இருந்தால் நிறுத்தியதும் அந்த இடம் சொட்டும். உங்களுடையது மேட்டில் இருப்பதால் காற்று புகுந்து, தண்ணீர் குளத்துக்கே இறங்கிவிடுகிறது. காலையில் வாளி தூக்குவது அதனால்தான்.

மூடியிலிருந்து தொடங்குங்கள். மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு, மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றித் துடைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். வாசலின் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். பம்பின் அடியில் உள்ள வடிகால் திருகையும் பாருங்கள்.

அப்புறம் பம்பை ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் முகம் மழிக்கிற நுரையை அப்புங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை குழிந்து உள்ளே போகும். வால்வின் கைப்பிடித் தண்டை விட்டுவிடாதீர்கள். நுரை இல்லையென்றால் ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட்டு, குமிழி எப்போது குறைகிறது என்று பாருங்கள். ஆனால் மோட்டார் மேல் தண்ணீர் படவே கூடாது, கரண்ட் விளையாட்டில்லை.

மண்ணுக்கு மேலே ஒன்றும் சிக்கவில்லையென்றால் ஸ்கிம்மர் வால்வை மட்டும் அடைத்துப் பாருங்கள். குமிழி நின்றால் கோளாறு அந்த லைனில், பெரும்பாலும் மண்ணுக்குள். நிற்கவில்லையென்றால் அதைத் திறந்துவிட்டு, குளத்தடி வடிகால் வால்வை அடையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அடைக்காதீர்கள்.

பம்ப் வெறுமனே ஓடியது என்றீர்களே, என் சந்தேகம் பைப்பைச் சேர்க்க பம்ப் வாயில் திருகியிருக்கும் பிவிசி அடாப்டர் மேல். உள்ளே தேங்கிய தண்ணீர் கொதிக்கிற மாதிரி சூடாகும். அந்தச் சூட்டில் மரை சுருங்கிவிடும்.

சுங்கை சிப்புட் தம்பி:
அண்ணே, அதேதான்! மூடியில் ஒன்றும் இல்லை. அந்த அடாப்டரின் அடிப்பக்கத்தில் நுரை சட்டென்று உள்ளே போனது. மேலே பசையோ சிலிக்கானோ பூசினால் போதுமா? பிள்ளைகள் சனிக்கிழமை வருவார்கள்.

ஈப்போ பைப் அண்ணன்:
பூச்சு கொஞ்ச நாள் பிடிக்கும், அப்புறம் விட்டுவிடும். சுருங்கிய மரை திரும்ப விரியாது. பைப்பை வெட்டி, சூடு தாங்கும் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) ஒன்று போடுங்கள். அடுத்த தடவை வெட்டாமலே கழற்றலாம். மரையில் வெள்ளை டேப் சுற்றுங்கள், முறுக்கும்போது அளவோடு முறுக்குங்கள், இல்லையென்றால் பம்ப் உடம்பு வெடித்துவிடும். பசை ஒட்டிய இடத்தை ஒரு ராத்திரி காயவிடுங்கள். மறுநாள் கூடை நிறையத் தண்ணீர் ஊற்றி, பில்டர் தலையில் உள்ள காற்று வால்வைத் திறந்து வைத்துவிட்டு ஓட்டுங்கள். அதில் தண்ணீர் பீய்ச்சியதும் மூடிவிடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடலாம்.