புதுப்பிப்பு: தேசிமரத்தடியில் உள்ளியும் வெங்காயமும்

தேசிமரத்தில் (எலுமிச்சை) பச்சைப்புழு, அதை வாசத்தால் விரட்டச் சுற்றிவர உள்ளியும் (பூண்டு) சின்ன வெங்காயமும் நடப்போகிறேன் என்று தையில் எழுதியிருந்தேன். சிலர் கேட்டபடியால் இப்போதைய நிலை.

உள்ளி படுதோல்வி. தாள் நன்றாகத்தான் வந்தது. கிண்டிப் பார்த்தால் பல் பிரியாத ஒற்றைக் குமிழ், சுண்டுவிரல் நுனியளவு. அதற்குக் குளிர் வேண்டும், யாழ்ப்பாண வெயிலில் எங்கே போவது? வெங்காயம் பரவாயில்லை, வெயில் பக்கம் 70 நாளில் கிண்டினேன். நிழல் பக்கம் வெறும் தாள்தான்.

புழு? வாசத்துக்கெல்லாம் அசையவில்லை. வண்ணத்துப்பூச்சி வழமைபோலக் குருத்தில் முட்டையிட்டது. காலையில் கையால் பொறுக்கினதுதான் பலித்தது (அம்மா முதலே சொன்னவ).

ஒரு பிழையும் விட்டேன். வெங்காயத்துக்கு அடிக்கடி இறைத்ததில் தேசியின் அடிமரம் ஈரத்திலேயே கிடந்து, பட்டையில் பிசின் கசிந்தது. மண்ணை விலக்கிக் காயவிட்டிருக்கிறேன். அடுத்தமுறை பாத்தி 3 அடி தள்ளித்தான்.