நம்ம காலேஜ் பாஸ்கெட்பால் டீம் ஜெயிச்சதுல உங்களால மறக்கவே முடியாத மேட்ச் எது?

ஐந்து ரோடு ஆள்

எல்லாரும் ஃபைனலைத்தான் சொல்வீங்க. எனக்கு ஒரு சாதாரண லீக் மேட்ச். 2010 அக்டோபர்ல த்ரீ பாயின்ட் கோடு (அதுக்கு வெளிய நின்னு போட்டா மூணு, உள்ள நின்னா ரெண்டு) 6.25 மீட்டர்ல இருந்து 6.75க்குத் தள்ளிப் போச்சு இல்லையா, அதுக்கு அடுத்த சீசன். போன இடத்துல பழைய கோட்டை அழிக்காமலே புதுக் கோட்டையும் அடிச்சு வச்சிருந்தாங்க. வெள்ளையில ஒண்ணு, மஞ்சள்ல ஒண்ணு.

எதிர் டீம் நாமக்கல் பக்கம். அவங்ககிட்ட ஒரு ஷூட்டர் இருந்தான், அருமையான கை. ஆனா வருஷக்கணக்கா பழகின காலாச்சே, தானா பழைய கோட்டுலயே போய் நிக்குது. போடுறது எல்லாம் உள்ள விழுது, ரெஃபரி ரெண்டு விரலைத்தான் காட்டுறார். ஒவ்வொரு தடவையும் அவங்க பெஞ்சே எழுந்து "மூணு, மூணு"ன்னு கத்தும். அவர் குனிஞ்சு மஞ்சக் கோட்டைக் காட்டுவார்.

நம்ம பி.டி. சார் சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சுண்ணாம்புல புதுக் கோடு போட்டு, அதுக்கு வெளிய நின்னு போட்டவனுக்குத்தான் டீன்னு சொல்லிட்டார். மூணு பாயின்ட்ல ஜெயிச்சோம். அந்தப் பையன் நாலு பந்தை அரை மீட்டர் தள்ளி நின்னு போட்டிருந்தா மேட்ச் அவங்களோடது.

கன்னங்குறிச்சி மாப்ள

மேட்ச் கதை நிஜம். சார் டீ வாங்கிக் குடுத்தார்ங்கறதுதான் நம்பற மாதிரி இல்ல.

செவ்வாய்ப்பேட்டை பழசு

தம்பிங்களா, பெரியார் யுனிவர்சிட்டி வந்ததே 1997லதான். எங்க காலத்துல நாம மெட்ராஸ் யுனிவர்சிட்டி. சுத்துப்பட்டுல ஜெயிச்சா பத்தாது, மெட்ராஸ் போய் அந்த ஊரு காலேஜ்களோட மோதணும். ராத்திரி சேலம் ஜங்ஷன்ல ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறுவோம், அன்ரிசர்வ்டுதான். பந்துப் பையைத் தலைக்கு வச்சு, கக்கூஸ் பக்கத்துல பேப்பர் விரிச்சுப் படுத்துட்டு, விடிகாலை சென்ட்ரல்ல இறங்கினா நேரா கிரவுண்டுதான்.

அப்போ நாலு குவார்ட்டர் கிடையாது, 20 நிமிஷம் ரெண்டு பாதி. பந்து கைக்கு வந்தா ரிங்கைப் பார்த்துப் போட்டாகணும்கற 24 செகண்ட் கெடுவும் 2000ல வந்ததுதான், எங்களுக்கு 30 செகண்ட். அதை வச்சுத்தான் ஒரு மெட்ராஸ் டீமைச் சாய்ச்சோம். அவங்க ஓடுற டீம். ரிங்ல பட்டுத் திரும்பற பந்தை, அதான் ரீபவுண்ட், எடுத்தா கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள லே-அப். அவங்ககூட ஓடினா செத்தோம்னு எங்களுக்குத் தெரியும். அதனால பந்து கைக்கு வந்தா விடறதே இல்ல. பாஸ், பாஸ், திரும்பவும் பாஸ். டேபிள்ல இருந்து "பத்து"ன்னு சத்தம் கேட்டப்புறம்தான் ஒருத்தன் ரிங்கையே பார்ப்பான். கூட்டம் ஊளை விடுது, எதிர் டீம் சென்டர் கடுப்பாகி நம்ம பாயின்ட் கார்டை ஒரே மூச்சா தள்ளி விட்டு அஞ்சாவது ஃபவுல் வாங்கி வெளிய போனான். மேட்ச் அங்கயே முடிஞ்சுது.

பார்க்க அழகா இருந்துச்சான்னு கேட்டா, சத்தியமா இல்ல. அடுத்த மேட்ச்ல வாங்கின அடியைப் பத்தி இங்க பேச வேண்டாம்.

மலைப்பாதை

அண்ணன்களா, பெண்கள் டீமும் ஜெயிச்சிருக்கு, ஞாபகப்படுத்தறேன். ஏற்காட்டுல ஒரு அழைப்புப் போட்டி. கோடை விழா சமயம் இல்ல, ஐப்பசி கடைசி. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிக்கறதுக்குள்ள டீம்ல பாதிப் பேர் ஜன்னல் பக்கம் தலையை வச்சிட்டாங்க. மேல போனா மூடுபனி. இந்தப் பக்கத்து ரிங்குக்குக் கீழ நின்னா அந்தப் பக்கத்து போர்டு வெறும் நிழலாத்தான் தெரியும்.

சிமென்ட் கோர்ட்டு முழுக்க நசநசன்னு ஈரம். டிரிபிள் பண்ண, அதான் பந்தைத் தட்டிக்கிட்டே ஓட, பாருங்க, பந்து தரையில பட்டு சோப்புக்கட்டி மாதிரி எங்கயோ போகுது. மலை டீமுக்கு இதெல்லாம் பழக்கம், ஷூ அடியில துணி வச்சுத் துடைச்சுத் துடைச்சு ஆடினாங்க. முதல் குவார்ட்டர்ல நாங்க ஓடினதைவிட விழுந்ததுதான் ஜாஸ்தி.

டைம் அவுட்ல எங்க கேப்டன் அக்கா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: "யாரும் பந்தைத் தரையில தட்டக் கூடாது." அவ்வளவுதான் பிளான். பிடி, நில்லு, தூக்கிக் குடு. அதுக்கப்புறம் எங்க டீம் டிரிபிளே பண்ணலைன்னு சொல்லலாம். ஹை போஸ்ட்ல, அதான் ரிங்குக்கு எதிர்ல கொஞ்சம் தள்ளி, ஒருத்தி கையைத் தூக்கிட்டு நிப்பா, பந்து அவகிட்ட போகும், பேஸ்லைன்ல வெட்டி ஓடறவளுக்கு அவ திருப்புவா. ஃபவுலுக்காகக் கிடைக்கிற ஒவ்வொரு ஃப்ரீ த்ரோவுக்கு முன்னாடியும் ஜெர்சியோட உள்பக்கத்துல கையைத் துடைப்போம், ஏன்னா வெளிப்பக்கம் பிழிஞ்சா தண்ணி வரும். கடைசி குவார்ட்டர்ல ரிங்கே சரியாத் தெரியல. பந்து நெட்ல உரசுற சத்தத்தை வச்சுத்தான் உள்ள போச்சா இல்லையான்னு எங்க பெஞ்சுக்குத் தெரிஞ்சுது.

ஆறு பாயின்ட்ல ஜெயிச்சோம். கீழ இறங்கி அஸ்தம்பட்டியில ஆளுக்கு ரெண்டு தட்டுவடை செட். ஏறும்போது வாந்தி எடுத்தவங்கதான் அதிகமா சாப்பிட்டாங்க.

செவ்வாய்ப்பேட்டை பழசு

சபாஷ்மா. டிரிபிள் இல்லாம மூணு குவார்ட்டர்னா சும்மா இல்ல. என் ஓட்டு இதுக்குத்தான்.

பழைய பஸ் ஸ்டாண்ட்

அந்த ஃப்ரீ த்ரோ ஃபைனலை யாருமே சொல்லலையே? ஒரு பாயின்ட் பின்னாடி இருக்கோம், மூணு செகண்ட் பாக்கி, நமக்கு ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ. உள்ள போனா டை. பந்து முன் ரிங்ல இடிச்சுது, நம்ம நெட்டையன் எகிறித் தட்டினான், உள்ள, அதுக்கு ரெண்டு பாயின்ட். ஒரு பாயின்ட்ல கப். வேணும்னேதான் மிஸ் பண்ணான்னு அன்னைக்கு ராத்திரியே கதை கட்டிட்டாங்க. ஒரு பாயின்ட் பின்னாடி இருக்கறப்ப எவனாவது வேணும்னே மிஸ் பண்ணுவானா? ரெண்டு பாயின்ட் பின்னாடின்னாகூட ஒத்துக்கலாம்.

கன்னங்குறிச்சி மாப்ள

அமெரிக்காவுலயே இந்தச் சண்டை இருக்குண்ணா. 1983 காலேஜ் ஃபைனல், நார்த் கரோலினா ஸ்டேட் 54, ஹூஸ்டன் 52. கடைசி நொடியில விட்டன்பர்க் எங்கயோ தூரத்துல இருந்து வீசினான், பந்து ரிங்கையே தொடல. கீழ நின்ன லொரென்சோ சார்ல்ஸ் பிடிச்சு அப்படியே டங்க் பண்ணிட்டான். அது பாஸ்தான்னு விட்டன்பர்க் அப்புறமா சொல்லுவாராம், கேக்கறவங்க எல்லாம் சிரிப்பாங்களாம். நம்மாளும் அதே ஜாதிதான்.

ஃப்ரீ த்ரோ போட்டவன்

வந்துட்டேன். கணக்கு சொல்றேன், கேளுங்க. டை ஆனா அஞ்சு நிமிஷம் எக்ஸ்ட்ரா டைம். நம்ம டீம்ல ரெண்டு பேர் அஞ்சு ஃபவுல்ல வெளிய உக்காந்திருந்தாங்க, நெட்டையனுக்கு நாலு. பெஞ்சுல மிச்சம் இருந்தது முதல் வருஷப் பசங்க. எக்ஸ்ட்ரா டைம் போனா கப் அவங்களுக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும்.

ஃப்ரீ த்ரோவுல ரிங்குக்கு ஒட்டின ரெண்டு இடமும் எதிர் டீமுக்கு, நம்மாள் ரெண்டாவது இடத்துல. பந்து பின் ரிங்ல பட்டா எங்க தெறிக்கும்னு சொல்ல முடியாது. முன் ரிங்ல தட்டையா அடிச்சா, முதல் இடத்துல நிக்கிறவன் தலைக்கு மேல திரும்பி வரும். அதான் தட்டையா விட்டேன். ரிங்கைத் தொடாம போனா வயலேஷன், அதாவது விதி மீறல், அதனால ரொம்ப சின்னதாவும் விட முடியாது.

பழைய பஸ் ஸ்டாண்ட்

இவ்வளவும் மூணு செகண்ட்ல யோசிச்சியா?

ஃப்ரீ த்ரோ போட்டவன்

கடிகாரம் நின்னுட்டுத்தாண்ணா இருந்துச்சு. ரெஃபரி பந்தைக் குடுத்தா அஞ்சு செகண்ட் இருக்கு.

ரீபவுண்ட் நெட்டையன்

டேய், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடா. நான் டைன்னு நெனச்சு திரும்பி ஓட ரெடியா நின்னேன்.

ஐந்து ரோடு ஆள்

சரி, வாய்ப்பேச்சு வேண்டாம். ஞாயித்துக்கிழமை காலையில ஆறரைக்கு காந்தி ஸ்டேடியம். ஃப்ரீ த்ரோ கோட்டுல நின்னு அஞ்சு பந்தை முன் ரிங்ல தட்டையா அடிச்சுக் காட்டட்டும், நெட்டையன் அதே இடத்துல நிக்கட்டும். மூணு அவன் கைக்கு வந்தா ஒத்துக்கறோம். பந்து நான் கொண்டு வரேன், தட்டுவடை செட் தோத்தவங்க செலவு.

செவ்வாய்ப்பேட்டை பழசு

நான் டேபிள்ல உக்காருவேன். முழங்கால் வேற எதுக்கும் ஒத்துவராது.